ஈரான் ஒப்படை: விலையா, மின்சாரக் காரா?

கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தீர்கள்: எண்ணெய் வளமுள்ள ஈரானில் வாகனங்கள் பெருகிக்கொண்டே போகின்றன, புகையைக் குறைக்க ஒப்படையில் எதை முதலில் வைப்பது, பெற்றோல் விலையையா மின்சாரக் காரையா என்று.

மின்சாரக் காரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அங்கே மின்சாரமும் பெரும்பாலும் எரிவாயுவில்தான் வருகிறது. பெற்றோல் தண்ணீர் விலைக்குக் கிடைக்கும்வரை அந்தக் காரை வாங்க யாருக்கும் அவசரமும் இராது.

விலைதான் முதலில். ஆனால் உயர்த்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 2010 டிசம்பரில் பங்கீட்டுப் பெற்றோல் லீற்றர் 1,000 ரியாலிலிருந்து 4,000 ஆனது. அதற்கு முன்பே, விலை உயர்வை ஈடுகட்ட அரசு ஆளுக்கு இவ்வளவு என்று பணத்தை வங்கியில் போட்டு வைத்தது; பெரிய கலவரமில்லாமல் கடந்தது. 2019 நவம்பரில் திடீரென்று உயர்த்தினார்கள், தெருவில் உயிர்கள் போயின. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாற்றுப் பயண வசதியையும் விடாதீர்கள்: தெஹ்ரானில் 1999இல் மெட்ரோ, 2008இல் பஸ்ஸுக்குத் தனிப்பாதை. இது ஏன் முக்கியம் என்று வன்னியில் பெரியவர்களைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் கிடைக்காதபோது, காபுரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பின்னால் வந்தவருக்குக் கண் எரியும். போயே ஆகவேண்டியவருக்கு பஸ் இல்லையென்றால் கிடைத்ததை எரிப்பார்.

இலங்கையோடு ஒப்பிடுவதானால், நாம் எண்ணெயை இறக்குமதி செய்கிறோம் என்ற வேறுபாட்டை முதலிலேயே எழுதிவிடுங்கள்.