மகளின் தோழிகள் ஏன் பெர்த் என்கிறார்கள்?

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கணவர் இந்தோனேசியாவில் சுரபாயாவுக்கு அருகே நூற்பாலை ஒன்றில் பணிபுரிவதாகவும், மகள் அங்கேயே பன்னாட்டுப் பள்ளியில் 12ஆம் வகுப்பை முடிக்கவிருப்பதாகவும், உடன் படிக்கும் இந்தோனேசியப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு மெல்பர்னை விட்டுவிட்டுப் பெர்த் என்று சொல்வது ஏனென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான பெர்த்தில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. பென்ட்லிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்னறைகள் இரண்டை மாணவிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். இதுவரை வந்து தங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியப் பெண்கள்தாம் என்பதால், இந்தக் கேள்விக்கு அவர்களிடம் கேட்டறிந்ததையும் என் கண்ணால் கண்டதையும் வைத்தே பதில் எழுதுகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இன்றும் மெல்பர்னும் சிட்னியுமே முன்னே நிற்கின்றன. சிட்னியில் கென்சிங்டன், கிங்ஸ்ஃபோர்டு பகுதிகளில் இந்தோனேசிய உணவகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆகவே பெர்த்தைச் சொல்லும் பிள்ளைகள் கூட்டத்தோடு போகிறவர்கள் அல்லர். அவர்கள் வேறொரு கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கில் முதலாவது தூரம். பெர்த்துக்குச் சிட்னியைவிடப் பாலித் தீவு அருகில் இருக்கிறது என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் நம்புவதில்லை, ஆனால் அதுதான் உண்மை. பாலியின் தலைநகரான தென்பசாருக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து சுரபாயா ஒரு மணி நேரப் பயணம். ஊரில் தாய்க்கு உடம்புக்கு முடியவில்லை என்று காலையில் செய்தி வந்தால் இரவுக்குள் மருத்துவமனை வாசலில் போய் நிற்கலாம் என்பதை எங்கள் வீட்டில் தங்கிய ஒவ்வொரு பெண்ணும் ஏதாவதொரு விதத்தில் சொல்லியிருக்கிறாள். மெல்பர்னிலிருந்து ஜகார்த்தாவுக்கு மட்டுமே ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும்.

தூரத்தைவிடவும் என்னை யோசிக்க வைத்தது கடிகாரம். பெர்த்தும் பாலியும் சுலவேசித் தீவிலுள்ள மக்காசாரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஜகார்த்தாவும் சுரபாயாவும் ஒரு மணி நேரம் மட்டுமே பின்தங்கியவை. இந்த மாநிலத்தில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் வழக்கமும் கிடையாது. மெல்பர்னிலோ கோடையில் ஜகார்த்தாவோடு நான்கு மணி நேர வேறுபாடு வந்துவிடுகிறது. மக்காசாரைச் சேர்ந்த ஒரு பெண் எங்களிடம் ஈராண்டுகள் தங்கியிருந்தாள். மாலையில் கைப்பேசியை உப்புச் சாடியின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் வெங்காயம் நறுக்குவாள். திரையில் அவளுடைய அம்மாவும் அதே நேரத்தில் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். பல நாள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். தாளிக்கும் ஓசை இரு பக்கமும் கேட்கும், அவ்வளவுதான்.

அடுத்தது முன்னே போனவர்களின் தடம். மூத்தவர்களை அந்தப் பிள்ளைகள் ‘கக்’ என்று அழைப்பதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். நம் அண்ணன், அக்கா இரண்டுக்கும் அது ஒன்றே சொல். ஒரு குடும்பத்தின் கக் பெர்த்தில் படித்தால் தம்பியும் தங்கையும் சித்தப்பா பிள்ளையும் வரிசையாக வருகிறார்கள். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவதிலிருந்து பழைய மெத்தையை விலை பேசி வாங்கித் தருவது வரை, மாணவர் சங்கத்துக் கக்குகளே பார்த்துக்கொள்கிறார்கள். இந்தத் தடம் நேற்று விழுந்ததன்று. 2009 முதல் 2014 வரை இந்தோனேசியாவின் துணை அதிபராக இருந்த போடியோனோ, 1967இல் இங்குள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டம் பெற்றவர் (முதுகலைக்கு அவரும் மெல்பர்னுக்குத்தான் போனார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்). இந்தோனேசியாவில் சீன வம்சாவளியினர் தாக்கப்பட்ட 1998 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அக்குடும்பங்கள் பல பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலிய நகரங்களுக்கும் அனுப்பின. இங்கே வந்தவர்களின் அடுத்த தலைமுறை இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. சுரபாயாவைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ஜாவாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் 1990 முதல் சகோதர மாநிலங்கள் என்பதால், தங்கள் ஊர்ப் பள்ளிகளில் பெர்த்தின் பெயர் அடிபடுவதிலும் வியப்பில்லை.

பழகுவதற்கும் இந்த ஊர் அவர்களுக்கு எளிது. சென்னைக்காரர்கள் புதுச்சேரிக்குப் போய் வருவதுபோலப் பெர்த்வாசிகள் பாலிக்குப் போய் வருகிறார்கள். இந்தோனேசிய மொழியைச் சொல்லித் தரும் பள்ளிகளும் இங்கே உண்டு. பேருந்து ஓட்டுநர் இந்தோனேசிய மொழியில் ‘தெரிமா காசி’ (நன்றி) என்று சொல்லி ஒரு பெண்ணைத் திகைக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். தொழுகைக்கு, நார்த்பிரிட்ஜ் வில்லியம் தெருவில் 1905ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஹலால் இறைச்சிக்கும் சிரமமில்லை.

இனிப் படிப்பு. தங்கள் மகள் எந்தத் துறையை விரும்புகிறாள் என்று தாங்கள் எழுதவில்லை. என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். பெர்த் சுரங்கத்தாலும் எரிவாயுவாலும் வாழும் நகரம். 1902இல் கூல்கார்டியில் தொடங்கப்பட்டு மறு ஆண்டே கல்கூர்லிக்கு மாறிய சுரங்கவியல் கல்லூரி இப்போது கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். கலிமந்தானின் நிலக்கரியும் சுலவேசியின் நிக்கலும் போன்டாங்கின் எரிவாயுவும் காத்திருக்கும் இந்தோனேசிய மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ஆனால் அவன் பெரும்பாலும் திரும்பிப் போகிறவன்: குடும்பத் தொழில் இருக்கும், அல்லது அரசின் உதவித்தொகையில் வந்து நாடு திரும்ப வேண்டிய கடப்பாடு இருக்கும். படிப்பு முடிந்தபின் இந்த ஊரில் வேலை கிடைக்குமா என்ற கேள்வி அவனை அவ்வளவாக உறுத்துவதில்லை. கணவரின் ஒப்பந்தம் முடிந்து தாங்கள் தமிழ்நாடு திரும்பிவிட்டால், தங்கள் மகளை அது உறுத்தும். பொறியியல், நிலவியல், செவிலியம் என்றால் தயங்காமல் பெர்த். நிதித்துறை, ஊடகம், வடிவமைப்பு என்றால் தோழிகளின் பேச்சை ஒதுக்கிவிட்டு மெல்பர்னையே பாருங்கள்.

பெர்த்துக்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு. 2019 நவம்பர் முதல் குடிவரவு விதிகளில் பெர்த் சலுகைக்குரிய ‘வட்டாரப் பகுதி’யாகக் கணக்கிடப்படுவதால், இங்கே படித்து இங்கேயே வசிக்கும் பட்டதாரிக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவில் கூடுதலாக ஓராண்டு பெற வழியிருக்கிறது. மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் அந்தச் சலுகை இல்லை. விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, இரு வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பு ஆகியவை எல்லா நகரத்துக்கும் ஒன்றுதான். வாடகையில் மட்டும் பழைய கணக்கை நம்பாதீர்கள். பெர்த் மலிவு என்று கக்குகள் சொல்வது 2020க்கு முந்திய பெர்த்தை.

சாமான் பற்றியும் ஒரு சொல். சுரபாயாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டியில், அவளுடைய பாட்டி இரண்டு நாள் வற்றக் காய்ச்சிய ரெண்டாங் மூன்று டப்பாக்களில் இருந்தது. விமான நிலையத்தில் தரும் பயணிகள் அட்டையில் ஒழுங்காக எழுதிக் கொடுத்ததால் அதிகாரிகள் அபராதம் விதிக்கவில்லை, ஆனால் இறைச்சி என்பதால் மூன்றையும் அவள் கண்முன்னே எடுத்துப் போட்டுவிட்டார்கள். அன்றிரவு அவள் எங்கள் ரசத்தைச் சாப்பிட்டபடி அழுதாள்.

முடிந்தால் விண்ணப்பிக்கும் முன் ஜூலையில் மகளை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் வாருங்கள். பின்னறைகளில் ஒன்று அப்போது காலியாக இருக்கும். ஜூலை இங்கே குளிர்காலம். இங்கத்திய வீடுகளில் சூடேற்றும் வசதி சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, ஆகவே கம்பளிச் சட்டை இரண்டு அதிகமாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.