ஒலிப்பதிவுக் கருவிகளின் ஸ்பெக் ஷீட்டில் (தொழில்நுட்ப விவரத் தாளில்) எந்த எண்ணை நம்புவது? வாசகர் கேள்விகள்

கே: பேச்சுப் பதிவுக்குச் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48 கிலோஹெர்ட்ஸ் போதுமா, 96 வேண்டுமா?

ப: 48 போதும், 24 பிட்டில் (ஒவ்வோர் அளவையும் எழுதும் நுணுக்கம்). ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். 96 வைத்தால் 2 ஜிபி. பதிந்த ஒலியை வேகம் குறைத்து இழுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் 96.

கே: மைக்கில் சத்தம் ரொம்பக் குறைவு. என்ன செய்யலாம்?

ப: எந்த மைக், எந்த இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) எவ்வளவு? ஒன்றும் எழுதவில்லையே! டைனமிக் மைக் (காந்தமும் சுருளும் கொண்ட, சிக்னல் குறைவாகத் தரும் வகை) என்று வைத்துக்கொள்கிறேன். அதன் சென்சிட்டிவிட்டி (ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு மைக் தரும் மின்னழுத்தம்) சுமார் 1 முதல் 2 மில்லிவோல்ட். பேச்சுக்கு 55–60 டெசிபல் கெயின் கேட்கும். இன்டர்ஃபேஸ் 50 வரைதான் தருமென்றால் மைக்கை நெருங்கிப் பேசுங்கள். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அடுத்த முறை மாடலோடு எழுதுங்கள்.

கே: இரண்டு மைக்கிலும் அதிர்வெண் வீச்சு 20–20,000 ஹெர்ட்ஸ் என்றே இருக்கிறது. ஒன்று மட்டும் காதைக் குத்துவது ஏன்?

ப: எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது; தவறு உங்களுடையதல்ல, அப்படி அச்சிடுபவர்களுடையது. அந்த வீச்சுக்குள் அளவு எவ்வளவு ஏறி இறங்கும், ± எத்தனை டெசிபல் என்று பக்கத்தில் இல்லாவிட்டால் அது ஸ்பெக்கே அல்ல. 20 ஹெர்ட்ஸில் 15 டெசிபல் சரிந்திருந்தாலும் அதே எண்ணைப் போடலாம். மைக்கின் அதிர்வெண் வரைபடத்தைப் பாருங்கள்: 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் மேடு இருந்தால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் குத்தும். செங்குத்து அச்சையும் பாருங்கள். கட்டத்துக்கு 10 டெசிபல் என்று வரைந்தால் மேடும் சமதரையாகத் தெரியும்.

ப்ரீஆம்ப்பின் (மைக் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியின்) இஐஎன் எண்ணிலும் இதே வேலைதான். அது ப்ரீஆம்ப் சேர்க்கும் இரைச்சல்; எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. −128 டிபியூ (மின்னழுத்த அளவை டெசிபலில் சொல்லும் அலகு) என்றால் இன்புட்டில் 150 ஓம் சோர்ஸ் வைத்தா, முழு கெயினிலா, ஏ-வெயிட்டிங்கோடா (காது குறைவாகக் கேட்கும் அதிர்வெண்களைக் குறைத்து எண்ணும் முறை) இல்லாமலா என்று சொல்ல வேண்டும். ஏ-வெயிட்டிங் போட்டாலே 2, 3 டெசிபல் அழகாகத் தெரியும். 150 ஓம் ரெசிஸ்டரின் சொந்த இரைச்சலே சுமார் −131. யாராவது −135 என்று போட்டால், பெரும்பாலும் இன்புட்டை ஷார்ட் செய்து அளந்திருப்பார்கள். நிபந்தனை இல்லாத எண்ணை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடவே கூடாது.

கே: 32 பிட் ஃப்ளோட் (மிகப் பெரிய அளவுகளையும் எழுத இடம் தரும் ஃபைல் முறை) ரெக்கார்டரில் கிளிப்பே (சத்தம் கூடி ஒலி உச்சியில் வெட்டுப்படுவது) ஆகாதாமே?

ப: ஃபைலில் ஆகாது. மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை எந்த பிட்டும் மீட்காது. மைக்கின் மேக்ஸ் எஸ்பிஎல் (தாங்கக்கூடிய அதிகபட்ச ஒலியழுத்தம்) பாருங்கள். அதிலும் எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது என்று. 0.5-ம் 1-ம் ஒன்றல்ல.

கே: மைக்கின் செல்ஃப் நாய்ஸ் (அதன் சொந்த இரைச்சல்) 20 டிபிஏ (ஏ-வெயிட்டிங் போட்ட டெசிபல்) அதிகமா?

ப: பக்கத்தில் பேசுபவருக்கு இல்லை. காட்டின் அமைதியைப் பதிய 10-க்குக் கீழே தேடுங்கள்.