சிறப்பு மழலையர் வகுப்பின் பொறுப்பை ஏற்கலாமா?

வாசகர் கேள்விகள்

பதில் அளிப்பவர், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக மதுரையில் நடைபெறும் மழலையர் வகுப்பொன்றில் 19 ஆண்டுகள் பொறுப்பாசிரியையாகப் பணியாற்றியவர்.

கேள்வி: திருமங்கலத்தில் ஒரு நர்சரி பள்ளியில் எட்டு ஆண்டுகளாக எல்.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம், மூளை முடக்குவாதம் உள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குத் தெரபியும் வகுப்பும் சேர்ந்தே நடக்கும் ஒரு மையத்தில், எட்டுக் குழந்தைகள் கொண்ட வகுப்புக்குப் பொறுப்பாசிரியையாக வரும்படி என்னை அழைக்கிறார்கள். "தெரபியைத் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார், நீங்கள் வகுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்கிறார்கள். அப்படியானால் என் வேலைதான் என்ன? அந்தக் குழந்தைகளுடன் இருந்தால் மனம் சோர்ந்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்களிடம் அவர்கள் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான் நான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் இருக்கும். கை வேலைகளையும் அன்றாடச் செயல்களையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் அது உங்களிடம் இருக்கும். பயிற்சி அறையில் கற்றது, வகுப்பில் பசி எடுக்கும்போதும், பக்கத்தில் இருப்பவன் பொம்மையைப் பிடுங்கும்போதும், அம்மா விட்டுவிட்டுப் போகும்போதும் குழந்தைக்குக் கைகொடுக்காவிட்டால், அது அந்த அறைக்குள்ளேயே நின்றுவிடும். அதை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து, குழந்தையின் ஒரு நாளுக்குள் வைப்பதுதான் பொறுப்பாசிரியையின் வேலை.

விரல்களுக்கு வலு வேண்டும் என்று தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்தால், அதற்கென்று நாங்கள் தனியாகப் பொருள் வாங்கியதில்லை. முருங்கைக் கீரையை உருவச் சொல்வோம், சப்பாத்தி மாவை உருட்டச் சொல்வோம், ஈரக் கைக்குட்டையைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டச் சொல்வோம். 'கேட்டு வாங்கப் பழக வேண்டும்' என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னால், உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் முறுக்கைப் போட்டு, மூடியை இறுக்கி, குழந்தையின் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருப்போம். மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். எட்டு ஆண்டுகள் எல்.கே.ஜி. நடத்திய உங்களுக்கு இதுதான் மிகவும் கடினமாக இருக்கும், ஏனென்றால் நான்கு எண்ணுவதற்குள் 'முறுக்கு வேணுமா' என்று நாமே கேட்டுவிடுவோம். நாம் கேட்டுவிட்டால், குழந்தை கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நாளின் அட்டவணையைப் படங்களாகச் சுவரில் ஒட்டும் முறையை முதல் வாரத்திலேயே உங்களுக்குக் காட்டுவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்ளர் முன்னின்று, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 1972-இல் மாநிலத் திட்டமாக நிறுவிய 'டீச்' பயிற்சி முறையில் இதற்கு முக்கிய இடம் உண்டு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத குழந்தைக்கு ஒவ்வொரு மாற்றமும் திடுக்கிடலாகவே இருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. இதற்குக் கடையில் விற்கும் கார்ட்டூன் படங்களை வாங்காதீர்கள். உங்கள் மையத்தின் குழாயடி, பாய், ஊஞ்சல், சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றையே படம் எடுத்து ஒட்டுங்கள். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் குழந்தையே கழற்றிப் பெட்டியில் போடட்டும். 'முடிந்தது' என்ற சொல்லை அது கையால் கற்றுக்கொள்ளும்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுதான். என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தினமும் முற்பகலில் பக்கத்தில் இருக்கும் குழந்தையைக் கடித்துவிடுவான். பொறாமை என்று நினைத்தோம், இடத்தை மாற்றினோம், அவனுடைய அம்மாவிடம் புகார்கூடச் சொன்னோம், அதற்காக இன்றும் வருந்துகிறேன். பிறகு ஒவ்வொரு முறையும் கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பின் நாங்கள் என்ன செய்தோம் என்று நேரம் போட்டு எழுதத் தொடங்கினேன். ஒன்பது நாள் எழுதிய பிறகு, எல்லாக் கடிகளும் 11 மணியை ஒட்டி நடந்திருப்பது தெரிந்தது. அந்த நேரத்தில்தான் பின்கட்டுச் சமையலறையில் மதியச் சட்னிக்கு மிக்ஸி ஓடும். எங்கள் காதில் விழுந்தும் விழாமலும் போன அந்த ஓசையை அவனால் தாங்க முடியவில்லை. வாயை இறுக்குவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி. குழந்தைகள் வருவதற்கு முன்பே சட்னி அரைத்துவிட ஏற்பாடு செய்தோம். அவன் கையில் கடிப்பதற்கென்றே ஒரு ரப்பர் வளையத்தையும் கொடுத்தோம். அந்த மாதத்திலேயே கடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. நோட்டில் 'பிடிவாதம் பிடித்தான்', 'சேட்டை செய்தான்' என்று எழுதாதீர்கள். அவை நம்முடைய தீர்ப்புகள், அவற்றிலிருந்து எந்தக் காரணமும் கிடைக்காது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்.

மதுரைக்காரர்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வேலைக்கு வருவது நமக்குப் பழக்கம். மணத்தைத் தாங்க முடியாத குழந்தைக்கு, குனிந்து அணைக்க வரும் ஆசிரியையின் அந்தச் சரமே அவரை விட்டு ஓடக் காரணமாகிவிடும். கண்ணாடி வளையல் ஓசையும் அப்படித்தான். ஒரு குழந்தை உங்களிடம் மட்டும் வர மறுத்தால், அதன் மனத்தை ஆராய்வதற்கு முன் உங்கள் தலையையும் கையையும் பாருங்கள்.

பொறுப்பாசிரியை என்றால் பெரியவர்களையும் வழிநடத்த வேண்டும். உங்கள் வகுப்பில் உதவி ஆசிரியையும் ஆயாம்மாவும் இருப்பார்கள். ஆயாம்மா வயதிலும் அனுபவத்திலும் உங்களைவிட மூத்தவராக இருக்கலாம். அவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி ஊட்டிவிடும் வேகத்தில், அது தானாகச் சாப்பிடப் பழகும் வாய்ப்பு போய்விடும். மற்றவர்கள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். குழந்தைகள் போன பிறகு கால் மணி நேரம் மூவரும் உட்கார்ந்து, "அக்கா, இன்றைக்கு அவன் எத்தனை வாய் தானாகச் சாப்பிட்டான்?" என்று கேளுங்கள். எண்ணத் தொடங்கிவிட்டால் அவரே ஊட்டுவதைக் குறைத்துக்கொள்வார். குழந்தை அழுது புரளும்போது பேசுவது ஒருவர் மட்டுமே என்ற விதியையும் முதல் நாளே வகுத்துவிடுங்கள். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சமாதானம் சொன்னால் அழுகை கூடத்தான் செய்யும்.

வீட்டில் சொல்லும் சோர்வு உண்மைதான். அதை நான் மறைக்க மாட்டேன். கடி படுவீர்கள், கீறல் படுவீர்கள், ஆறு மாதம் பழக்கியது ஒரு காய்ச்சலில் மறைந்துபோவதையும் பார்ப்பீர்கள். ஆனால் மனத்தை உண்மையில் வற்றச் செய்வது குழந்தைகள் அல்ல, ஆள் பற்றாக்குறைதான் என்பது என் அனுபவம். ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன் மையத்தாரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எட்டுக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் எத்தனை பேர்? மூன்றுக்குக் குறைந்தால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தெரபிஸ்டுகளோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவதற்கு வேலை நேரத்திலேயே இடம் உண்டா? குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது யார், எப்படி என்று எழுதி வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பேச முடியாத குழந்தைக்கு நேரும் தீங்கை அது நம்மிடம் வந்து சொல்லாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் தெரிய வந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ வகுப்பில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: பி.எட். மட்டும் படித்த நான் சிறப்புக் குழந்தைகளின் வகுப்பை நடத்தலாமா?
வாசகர், வாடிப்பட்டி

பதில்: 1992-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது ஆர்.சி.ஐ., ஏற்பளித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே சிறப்பாசிரியராகப் பணிபுரியலாம். பதிவில்லாமல் பணிபுரிவோர்க்கு அந்தச் சட்டத்தில் தண்டனையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிக்கும் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பும், பட்டம் முடித்தவர்களுக்கான சிறப்பு பி.எட். படிப்பும் இருக்கின்றன. பொதுவான பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு பதிவு பெற்ற சிறப்பாசிரியரின் கீழ் உதவியாளராக இருந்து பழகுங்கள், அதனுடன் படிப்பையும் தொடங்குங்கள். திருமங்கலம் சகோதரிக்கும் இதையே சொல்வேன்: உங்களுக்குத் தரப்போகும் பதவியின் பெயர் என்ன, அதற்கு ஆர்.சி.ஐ. பதிவு தேவையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் வகுப்பில் உள்ள ஒரு நான்கு வயதுச் சிறுவனின் தாய் தினமும், "டீச்சர், எப்போது பேசுவான்?" என்று கேட்கிறார். பாட்டியோ, "அவன் அப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்" என்கிறார். படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று இருவருமே அஞ்சுகிறார்கள். நான் என்ன சொல்வது?
ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: முதலில் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவனின் செவித்திறனைக் கருவி வைத்துப் பரிசோதித்திருக்கிறார்களா? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்பது பரிசோதனை ஆகாது. தேசிய அளவில் 2013-இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளோர்க்கானது. குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும் அதன் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் செயல்படுகிறது. அங்கே காட்டலாம், கட்டணம் இல்லை.

தாயிடம் நாள் குறித்துச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்தில் பேச வைப்போம் என்று விளம்பரம் செய்வோரிடம் நகையை அடகு வைத்துக் கட்டிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் குழந்தை எப்போது பேசும் என்று நேர்மையான ஒரு தெரபிஸ்டால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாட்டியின் பேச்சையும் எதிர்த்து வாதிடாதீர்கள். அது பயத்தைத் தள்ளிப்போடும் வழி. "இருக்கலாம் பாட்டி, அதுவரைக்கும் அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நமக்கு எப்படிச் சொல்வான்?" என்று கேளுங்கள்.

படம் காட்டிப் பழக்கினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு இல்லை. கேட்டதும் கிடைக்கிறது என்று புரிந்த குழந்தைக்குக் கேட்பதில் ஆர்வம் கூடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்த ஆர்வத்தின் ஊடாகவே சொல்லும் வருகிறது. தாயிடம் தினமும் ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள், அது புதியதாகவும் உண்மையானதாகவும் இருக்கட்டும்: "இன்றைக்கு மூடியைத் திறக்கச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தான். நேற்றுவரை அழத்தான் செய்தான்." தொடர்ந்து இப்படிச் சொல்லிவந்தால், ஒரு மாதத்தில் அந்தத் தாயின் கேள்வி மெல்ல மாறி, "இன்றைக்கு என்ன கேட்டான்?" என்று ஆகும். என் வகுப்பில் அப்படி ஆகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் மையக் குழந்தைகளைச் சித்திரைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று பெற்றோர் விரும்புகிறார்கள். அழைத்துச் செல்லலாமா?
ஆசிரியை, புதூர்

பதில்: ஊரே கொண்டாடும்போது இந்தக் குடும்பங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது என்பதே என் விருப்பம். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலை வைகைக் கரைக்கு அழைத்துப் போவது குழந்தைக்குப் பெரும் சுமை; நெருக்கடி, வேட்டு, தண்ணீர் பீய்ச்சுதல் என எல்லாமே ஒரே நேரத்தில் வந்துவிடும். அழகர்கோவிலிலிருந்து வரும் வழியெல்லாம் அழகர் நின்று செல்லும் மண்டகப்படிகள் உண்டு. கூட்டம் குறைந்த ஒன்றைப் பெற்றோரோடு முன்கூட்டியே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல்லக்கு, குதிரை வாகனம், கொட்டு ஆகியவற்றின் படங்களை இரண்டு வாரம் முன்பே வகுப்பில் காட்டுங்கள். கொட்டு ஓசையை முதலில் மெதுவாகவும், பிறகு சற்று உரக்கவும் கைபேசியில் கேட்கச் செய்யுங்கள். காதை மூடும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். தந்தையின் கைபேசி எண்ணைக் குழந்தையின் சட்டைக்குள் பக்கம் தைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாலும் போய்வந்ததாகவே கணக்கு.

கேள்வி: ஐந்து வயது முடிந்த ஒரு குழந்தையைச் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கப்போகிறோம். பொறுப்பாசிரியையாக நான் செய்ய வேண்டியது என்ன?
ஆசிரியை, மேலூர்

பதில்: பள்ளியில் தயங்கினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நினைவூட்டுங்கள், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, முதல் வகுப்பு ஆசிரியருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரே ஒரு தாள். மருத்துவ அறிக்கைக் கட்டைப் படிக்க நாற்பது குழந்தைகளை வைத்திருப்பவருக்கு நேரம் இருக்காது. குழந்தைக்கு என்ன பிடிக்கும், அழுவதற்கு முன் என்ன செய்யும், எப்படித் தேறும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டும் என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். 'தண்ணீர் வேண்டும்போது இடது காதைத் தொடுவாள்', 'மணி அடிப்பதற்கு முன் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டால் பயப்பட மாட்டாள்' என்பது போன்ற வரிகளே அந்த ஆசிரியருக்குப் பயன்படும். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். தாள் இன்னும் அவர் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டிய வரி இருந்தால் அங்கேயே உட்கார்ந்து இருவருமாகத் திருத்தி எழுதுங்கள்.