டென்மார்க்கும் கிரீஸும் வென்றது அதிர்ஷ்டத்தாலா?

கேள்வி: ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை 1992-ல் டென்மார்க்கும் 2004-ல் கிரீஸும் வென்றது குருட்டு அதிர்ஷ்டம்தானே? இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் இவை இரண்டும் கரும்புள்ளிகள் என்கிறேன். சரிதானா?
- வாசகர், திருச்சி

பதில்: சரியில்லை. அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டுமானால் 1968-க்குப் போங்கள். நேப்பிள்ஸில் இத்தாலியும் சோவியத் யூனியனும் மோதிய அரையிறுதி, கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பெனால்டியில் முடிவு காணும் வழக்கம் அப்போது வரவில்லை. நடுவர் இரண்டு கேப்டன்களையும் உள்ளே அழைத்துப்போய் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலியின் ஃபக்கெட்டி கேட்டதே விழுந்தது. இப்படிப் பூவா தலையாவில் ரோம் இறுதிப் போட்டிக்கு வந்த இத்தாலி, யுகோஸ்லாவியாவிடம் பின்தங்கியிருந்து 80-வது நிமிடத்தில் சமன் செய்தது. இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம் வைத்தார்கள். அதில் 2-0 என்று வென்று கோப்பையை வாங்கியது. அதைக் கரும்புள்ளி என்று நீங்கள் சொல்லவில்லையே, ஏன்?

டென்மார்க் கடைசி நேரத்தில் உள்ளே வந்தது உண்மை. போர் காரணமாக ஐ.நா. தடை விதித்ததும், போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது யுகோஸ்லாவியாவை நீக்கினார்கள். ஆனால் அந்த இடம் ஏன் டென்மார்க்குக்குப் போனது? தகுதிச் சுற்றில் யுகோஸ்லாவியாவுக்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி அது. பெல்கிரேடிலேயே போய் யுகோஸ்லாவியாவை 2-1 என்று வீழ்த்திய அணி. ஸ்வீடனில் நடந்த போட்டியில் தட்டுத்தடுமாறித்தான் தொடங்கினார்கள். அப்புறம் பிரான்ஸை வென்றார்கள். அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் நெதர்லாந்து. அந்த அணியின் வான் பாஸ்டன் அடித்த பெனால்டியை டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கல் தடுத்தார். கோத்தன்பர்க் இறுதிப் போட்டியில் உலகச் சாம்பியன் ஜெர்மனியை 2-0 என்று வென்றார்கள். பந்தை ஷ்மைக்கலிடமே திருப்பித் திருப்பித் தட்டி, அவரைக் கையில் பிடிக்கவைத்து நேரம் கடத்தினார்கள் என்ற குறை உண்டு. அன்றைய விதி அதை அனுமதித்தது, ஜெர்மனிக்கும் சேர்த்துத்தான். அதே ஆண்டு விதியையே மாற்றிவிட்டார்கள்.

கிரீஸின் கணக்கு இன்னும் தெளிவு. தகுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களில் தோல்வி. அடுத்த ஆறிலும் வெற்றி, ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஸ்பெயினுக்கு மேலே முதலிடம். போர்ச்சுகலில் நடந்த போட்டியில் பிரான்ஸ், செக் குடியரசு, போர்ச்சுகல் என்று நாக் அவுட்டில் வந்த மூவரையும் 1-0 என்று வென்றார்கள். மூன்று கோலும் தலையால் முட்டிப் போட்டவை. பயிற்சியாளர் ரேஹாகல், எதிரணியின் ஒவ்வொரு ஆபத்தான ஆட்டக்காரருக்கும் ஓர் ஆளை ஒட்டிவிட்டார். கோலுக்குக் கார்னரையும், பக்கவாட்டிலிருந்து கோல்முனைக்குத் தூக்கி அடிக்கும் கிராஸையும் நம்பினார். தன்னிடம் இருப்பவர்களால் எது முடியும் என்று அறிந்து வகுத்த திட்டம் அது. லிஸ்பனில் இறுதிப் போட்டியின் கோலும் கார்னரில்தான் வந்தது. போட்டியை நடத்திய போர்ச்சுகலை, தொடக்க ஆட்டத்தில் ஒருமுறை, இறுதியில் ஒருமுறை என இரண்டு தடவை தோற்கடித்தார்கள். இதையா அதிர்ஷ்டம் என்கிறீர்கள்? ரசிக்கும்படி ஆடவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

2016-ஐயும் பாருங்கள். போர்ச்சுகல் குரூப்பில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து மூன்றாம் இடத்தில் நின்றது. அணிகளை 24 ஆக்கி, மூன்றாம் இடத்தில் நின்ற சிலருக்கும் வழிவிட்டதால்தான் அடுத்த சுற்றுக்கே போக முடிந்தது. 90 நிமிடத்துக்குள் அது வென்றது வேல்ஸுக்கு எதிரான அரையிறுதி ஒன்றை மட்டுமே. இறுதிப் போட்டியில் ரொனால்டோ காயத்தோடு 25-வது நிமிடத்தில் வெளியேற, கூடுதல் நேரத்தில் அதே அணியின் எடெர் கோல் போட்டு வென்று தந்தார். உங்கள் பட்டியலில் இந்தக் கோப்பையும் இல்லை. சிறிய நாடு வென்றால் அதிர்ஷ்டம், பெரிய பெயர் இருந்தால் வரலாறு என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியாது.