‘மறுகா’ என்று சொன்னால் குறையா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிய என் மகள், தொலைக்காட்சி அறிவிப்பாளராகத்தான் வருவேன் என்று நிற்கிறாள். கொழும்பில் நம் மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என உறவினர்கள் தடுக்கிறார்கள். இது நிலைக்கும் தொழில்தானா?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, நம் பேச்சில் குறை ஏதுமில்லை, எந்த இடத்துக்கு எந்தப் பேச்சு என்பதை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தி வாசிக்கையில் நம் ‘மறுகா’வுக்குப் பதில் ‘பிறகு’ என்றே வரவேண்டும். ஆனால் கிரானில் வயல் வரம்பில் நிற்கும் மூதாட்டியிடம் ஒலிவாங்கியை நீட்டும்போது, ‘மறுகா என்ன நடந்த?’ என்று கேட்டால்தான் அந்த அம்மா வாய் திறப்பார். ல, ள, ழ வேறுபாட்டில் மட்டும் தளர்வு கூடாது. குரல் தேர்வில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்து வாசிப்பது சில வாரங்களில் கைவந்துவிடும். காதுக்குள் தயாரிப்பாளர் ‘பத்து, ஒன்பது’ என எண்ணிக்கொண்டிருக்க, எதிரே விருந்தினர் கதையை நிறுத்தாமலிருக்க, அவர் மனம் நோகாமல் இடைமறித்து, உரிய விநாடியில் விளம்பர இடைவேளைக்குப் போவதே கடினம். வானொலியில் பழகியவர்களுக்கு இது எளிதாக வருவதைக் கண்டிருக்கிறேன். இலங்கை வானொலியில் வளர்ந்த பி.எச். அப்துல் ஹமீத் பின்னர் தமிழகத் தொலைக்காட்சியில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியதைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்தப் பயிற்சிக்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. கண்ணகி அம்மன் சடங்கில் ஒலிபெருக்கியைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள்: சடங்கின் நிறைவான குளிர்த்தி பிந்தும், மின்சாரம் போய்வரும், காணாமற்போன குழந்தையைப் பற்றிய துண்டு கைக்கு வரும், அத்தனையையும் பதறாமல் சொல்லி முடிப்பவரைப் படப்பிடிப்பு விளக்கு எதுவும் செய்யாது.

நிலைக்குமா என்றீர்கள். நிரந்தர நியமனம் சிலருக்கே கிடைக்கும். மற்றவர்களுக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்குத்தான். நான் தொடங்கிய காலத்தில் ஒரு நிலையம் ஐந்து மாதக் கொடுப்பனவை இழுத்தடித்தது. இரவு ரயிலுக்கு அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு போய் வந்தேன். ஆகவே கொடுப்பனவை முதலிலேயே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெறுபேறு இடங்கொடுத்தால், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கல்லடி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ படித்துக்கொண்டே இதில் இறங்கட்டும். படிப்பை விட்டுவிட்டு வேண்டாம்.

இப்போதைக்கு, ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதி வைக்காமல் 3 நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவுசெய்து, படத்தை மறைத்து ஒலியை மட்டும் உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். எந்த இடத்தில் உங்கள் கவனம் அடுப்பங்கரைக்குப் போகிறதோ, அந்த இடத்தை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.