மடு மாதாவும் ஒரு பையனின் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கைக்குப் போய், மன்னார் பக்கத்துக் காட்டில் மடுக் கோயிலில் இருக்கும் மாதாவைப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மாவுக்கு நெடுநாள் ஆசை. திருச்சியில் விமானம் ஏறி, கொழும்பிலிருந்து வேன் பிடித்துப் போனோம். அம்மா முழங்காலிட்டு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையும் சொல்லி முடித்தார். கோயில் மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். திரும்பும் வழியில், பத்தாவது முடித்த என் மகன், "இந்தக் கோயில் வளாகத்திலேயே ஷெல் விழுந்து ஜனங்கள் செத்தார்களாமே, மாதா ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டான். வேன் டிரைவர் சொல்லியிருக்கிறார். "வாயைக் கழுவு" என்று அம்மா அதட்டிவிட்டார். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் பூசைக்கு வர மறுக்கிறான். அவனிடம் நான் என்ன சொல்வது?

ஜெ., அரிசிப்பாளையம், சேலம்

அன்புள்ள ஜெ.,

உங்கள் மகன் கேட்டதில் பாவம் எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் மடுவை உண்மையாகவே பார்த்துவிட்டு வந்தவன் அவன் என்று நினைக்கிறேன்.

டிரைவர் சொன்னது நடந்ததுதான். 1990லிருந்தே மடுக் கோயிலைச் சுற்றி ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு முகாம் இருந்தது. சண்டை நெருங்கும்போதெல்லாம் சுற்றுவட்டார ஜனங்கள் அங்கேதான் ஓடிப்போய்த் தங்கினார்கள். 1999 நவம்பர் 20ஆம் தேதி இரவு அந்த வளாகத்துக்குள் ஷெல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. ராணுவமும் புலிகளும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். இதை அவனிடம் மறைக்க வேண்டாம். மாதா ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. இருப்பதாகப் பாவனை செய்து நீங்களும் அவனைச் சமாளிக்க வேண்டாம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சமாளிப்பு உடனே தெரிந்துவிடும்.

டிரைவர் சொல்லாமல் விட்ட மீதிக் கதையும் அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சிலை முதலில் மடுவில் இருந்ததே இல்லை, மன்னாருக்கு எதிரே மாந்தையில் இருந்தது. 1658இல் மன்னாரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். 1670 வாக்கில் இருபது குடும்பங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் ஒளிந்தன. பாம்பும் யானையும் உலவிய காடு அது. மடு மண் பாம்பு விஷத்தை முறிக்கும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் காட்டில் பிள்ளைகளை வளர்த்தவர்களின் நம்பிக்கை அது, உங்கள் அம்மா மண்ணை முடிந்துகொண்டு வந்ததை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

2008 ஏப்ரலில் சண்டை கோயில் வாசலுக்கே வந்தபோது, குருக்கள் அதே சிலையை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குப் போனார்கள். சில மாதம் கழித்துத்தான் அது மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14 அன்று போப் பிரான்சிஸ் காலையில் கொழும்பில், டச்சுக்காரர் காலத்தில் இலங்கையில் மறைந்து ஊழியம் செய்த ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, பிற்பகலில் மடுவுக்கு வந்து செபித்தார். அன்று அங்கே கூடியவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களரும் இருந்தார்கள். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

வெளிநாட்டுக் கோயில் என்று சொல்கிறோம். சேலம்காரர்களுக்கு அது அவ்வளவு அந்நியம் இல்லை. நான் இருக்கும் ஏற்காட்டில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்ட அதே நூற்றாண்டில், நம் ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் கண்டிச் சீமைக் காபித் தோட்டங்களுக்குப் போனார்கள். தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் அந்த வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

பிறகு 1980களிலும் 90களிலும் அந்தக் கரையிலிருந்து ஜனங்கள் இங்கே வந்தார்கள். படகில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம், அப்புறம் மாவட்ட வாரியாகப் பிரித்து அனுப்பினார்கள். சேலம் மாவட்டத்தில் பவளத்தானூர், குறுக்குப்பட்டி என்று முகாம்கள் இருப்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மடுவுக்குப் போக அவ்வளவு செலவு செய்கிற நாம், அந்த ஊர்க்காரர்களைப் பார்க்க ஒரு டவுன் பஸ் ஏறுவதில்லை. இது எனக்கு உறுத்துகிற விஷயம்.

மன்னாரிலிருந்து வந்த ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. சுவரில் கறை ஏறிப்போன மடு மாதா படம், அதன் ஆணியிலேயே செபமாலை தொங்கும். சின்ன வயதில் ஆவணித் திருநாளுக்கு மாட்டு வண்டியில் போய், மரத்தடியில் குடில் போட்டு, அங்கேயே சமைத்துத் தின்று, ஆகஸ்ட் 15 கழித்துத் திரும்புவார்களாம். 1999இல் அந்த வளாகத்தில் அவருடைய தங்கை பிள்ளை செத்துப்போனது. உங்கள் மகன் கேட்டதைத்தான் நானும் அவரிடம் கேட்டேன்.

"நானும் கேட்டனான் தம்பி. எட்டு ஒம்பது வருசம் செபமாலையத் தொடேல்ல. அந்தப் படத்தையும் திருப்பித்தான் வச்சிருந்தனான்."

பிறகு எப்படித் தொட்டீர்கள் என்றேன்.

"அது சொல்லத் தெரியேல்ல. அவவும் எங்களோட சேந்து இடம்பெயர்ந்தவதானே. தேவன்பிட்டிக்கு அவவக் கொண்டு போகினமாம் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்குத்தான் படத்தத் திருப்பினன்."

இது உங்கள் மகனின் கேள்விக்குப் பதில் ஆகுமா என்றால், ஆகாது. ஆனால் மாதாவோடு எட்டு ஒன்பது வருடம் பேசாமல் இருந்த ஒரு அம்மாவை அவன் பார்க்க வேண்டும். கோபப்படுகிறவர்கள் கோயிலுக்கு வெளியே நிற்கிறவர்கள் என்று அவன் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான். கோயிலுக்குள்ளேயே இருந்துகொண்டு கோபப்பட்டவர்கள் மன்னாரில் ஊர் ஊராக இருக்கிறார்கள். நம் ஜில்லா முகாம்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், தேடிப் போக வேண்டும்.

பூசைக்கு வரச் சொல்லி அவனை இப்போதைக்கு இழுக்க வேண்டாம். முகாமுக்குள் நினைத்த மாதிரி போய்விட முடியாது, அனுமதி கேட்பார்கள். அந்தப் பகுதிப் பங்குச் சாமியாரிடம் சொன்னால், ஞாயிறு பூசை முடிந்ததும் யாரையாவது சந்திக்க ஏற்பாடு செய்து தருவார். கை நிறையப் பழைய துணி கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டத்தோடு மட்டும் போகாதீர்கள். நீங்களும் மகனும் போனால் போதும். கேள்வியை அவனே கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அவரும் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்.