வீட்டில் கல் பாலிஷ் செய்ய எந்த டம்ளர் மெஷின் வாங்கலாம்?

ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களை வழவழப்பாக்க எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். டம்ளர் மெஷின் என்பது கற்களைத் தேய்ப்புப் பொடியோடு பீப்பாயில் போட்டு ஓட்டி வழவழப்பாக்கும் கருவி. முதல் மெஷின் என்றால் சுழலும் வகையே போதும், அதிர்வு வகை வேண்டாம். அதிர்வு மெஷின் வேகமாக முடிக்கும், ஆனால் கல்லின் வடிவத்தை அதிகம் மாற்றாது; கரடுமுரடான கல்லை உருட்டி எடுக்க சுழல்வதுதான் சரி.

அடுத்து பீப்பாய். ரப்பர் பீப்பாயாகப் பாருங்கள், ஏனென்றால் இது இரவு பகலாக வாரக்கணக்கில் ஓடப்போகிறது, பிளாஸ்டிக் பீப்பாயில் கடகட சத்தம் தாங்காது. ஒன்றரை கிலோ கொள்ளளவு தாராளம். மிகச் சிறியதில் கற்கள் உருண்டு விழ இடமில்லாமல் தேய்மானம் மெதுவாகும். பீப்பாயில் பாதிக்கு மேல், முக்கால் வரை கல் இருக்கட்டும்.

அப்புறம் தேய்ப்புப் பொடி. சிலிக்கான் கார்பைடு பொடியில் 60/90 எண்ணில் தொடங்கி 220, 500 (எண் கூடக் கூடப் பொடி நைசாகும்), கடைசியாகப் பளபளப்புக்கு அலுமினியம் ஆக்சைடு பொடி. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். நடுவில் நன்றாகக் கழுவுங்கள், ஒரு துளி முரட்டுப் பொடி தங்கினாலும் பளபளப்பில் கீறல் விழும். அகேட், குவார்ட்ஸ் போன்ற ஒரே கடினமுள்ள கற்களையே சேர்த்துப் போடுங்கள். கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாயில் சிமெண்ட் போல இறுகிவிடும்.